கிளையாறு திரும்பிய அந்தி

மழை விட்டதும் சமையலறைப் பின்கதவைத் திறந்த நிஷாந்தினிக்கு எது பிழை என்று உடனே பிடிபடவில்லை. படிக்குக் கீழே ஓடையில் ஒரு செவ்வந்தி மாலை மிதந்து வந்தது. வரட்டும். ஆனால் அது கீழ்ப்பக்கமிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

மகாவலியிலிருந்து பிரிந்து, பேராதனைப் பக்கம் இந்த வீட்டு வரிசையைச் சுற்றி மறுபடி மகாவலியிலேயே விழுந்த கிளையாறு அது. வெள்ளத்தைத் தடுக்கிறோம் என்று குறுக்கே கால்வாய் வெட்டி, ஆற்றில் விழுகிற வாயில் தண்ணீரை மறிக்கிற வான்கதவு வைத்தார்கள். மீன் போனது, மீனுக்கு வந்த கொக்கும் போனது. ஆகாயத்தாமரையும் கபரகொய்யா உடும்புகளும்தான் மிச்சம். அழுகின இலையும் சவர்க்கார நுரையுமாக நாறிக்கொண்டு கிடக்கும். மழை கடுத்துக் கதவை இறக்கினால் தண்ணீர் வந்த வழியே திரும்பும்.

மாலை அவளுக்குத் தெரிந்த மாலை. புருஷன் சந்திரகுமாரின் சாம்பல் வைத்த மண்முட்டிக்கு இன்று காலையில் அவளே சுற்றியது. அண்ணன் சுமனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, முட்டிய எங்க விட்டீங்க? பெரிய ஆத்துலதானே?"

"கொட்டுற மழையில எங்கம்மா அங்க போறது? உங்க ஓடையிலதான், கீழ பாலத்துக்கிட்ட. எப்படியும் ஆத்துக்குத்தானே போகுது. திரும்பிப் பாக்காமத்தான் வந்தேன்."

"வான்கதவ இறக்கிட்டாங்கண்ணே. தண்ணி திரும்பி வருது."

சுமன் டவுன் பக்கம், மஹய்யாவைக்காரர். இந்த ஓடையின் குணம் அவருக்கு எங்கே தெரியும்? சாம்பலை விட்டவர் திரும்பிப் பார்த்தால் போனவர் வீடு தேடி வருவார் என்று மட்டும் தெரியும். அவர் பார்க்கவில்லை. தண்ணீர் திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரி வார்டில் கடைசி நாள், கைப்பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சந்திரகுமார் சொன்னது நினைவுக்கு வந்தது. "இவள விட்டுட்டு நான் மட்டும் போக மாட்டேன், நிஷா." அன்று அதைக் கேட்டு அழுதாள். இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓடையைப் பார்த்தாள்.

ஆகாயத்தாமரை விலகியது.

முட்டி வந்தது. படியில் மோதி நின்றது. வாயைக் கட்டிய வெள்ளைத் துணி அவிழ்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தாள். கழுவி வைத்ததுபோல் வெறும் முட்டி.

உள்ளே பிள்ளை சிரித்தது.

அப்பா வேலை விட்டு வந்து தலைக்கு மேலே தூக்கும்போது மட்டும் சிரிக்கிற சிரிப்பு. அவர் போன பிறகு யார் தூக்கியும் வராத சிரிப்பு.

திரும்பினாள். அவளைத் தாண்டி, சிமெந்துத் தரையில் ஈரச் சாம்பல். பாதம் பாதமாக. அறைவரைக்கும்.

ஓடினாள்.

சேலைத் தொட்டிலில் பிள்ளை இரண்டு கையையும் மேலே நீட்டியிருந்தாள். அக்குளுக்குக் கீழே சட்டை இரு பக்கமும் விரல் விரலாக அமுங்கியது. அமுங்கிய இடம் சாம்பல் நிறமாக நனைந்தது. முதுகு சேலையை விட்டு மெல்ல எழும்பியது.

தூரத்தில் சங்கு ஊதியது. வான்கதவைத் திறக்கிறார்கள். பின்னால் ஓடை கீழ்நோக்கி இழுக்கிற சத்தம் கேட்டது.

தொட்டில் வெறுமையாக ஆடியது. சிரித்தபடியே பிள்ளை, ஒரு ஆளின் மார்பு உயரத்தில், காற்றில், பின்கதவை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.