ஜீனத் நின்ற திசை

ஊசி வடக்கே நிற்கவில்லை.

மத்தியான வெயில் ராயபுரத்துத் தகரக் கூரைகளைப் பொரித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக் கரிப்புகையும் கருவாட்டு வாசனையும் ஜன்னல் வழியே வந்து, வாடகை தராத சொந்தக்காரர்கள்போல் பட்டறையில் உட்கார்ந்திருந்தன. கப்பல்களுக்குத் திசைகாட்டி பழுதுபார்க்கும் ஷாகுல் ஹமீது, தன் மூக்குதான் கோணலோ என்று மேசையைச் சுற்றிவந்து பார்த்தார். மூக்கு கோணல்தான். ஊசியும் கோணல். வடக்கே எர்ணாவூர்ப் பக்கம் காட்ட வேண்டியது சமையலறையைக் காட்டியது.

"உனக்கும் பசியாடா?" என்றார்.

உள்ளே அவர் மனைவி ஜீனத்தின் வளையல் சத்தம் அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானைக்கு நகர்ந்தது. ஊசியும் நகர்ந்தது.

"ஜீனத், கையில இரும்பு ஏதாச்சும் வெச்சிகினு கீறியா?"

"கண்ணாடி வளையல்தான் கீது. இரும்பைக் கட்டிக்கினது போதாதா?"

சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார்.

நேற்று, புது ஊசிக்கான எஃகுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வடக்கு தெற்காய்க் கிடத்தி, ஆறும்வரை சுத்தியால் அடித்தார். அப்படி அடித்தால் பூமியின் காந்தம் கம்பிக்குள் இறங்கும். பிறகு எங்கே வைத்தாலும் வடக்கைத் தேடும். அடிக்கும்போது வடக்கு முனையில் ஆள் நிற்கக் கூடாது என்பது பட்டறை வழக்கம். கல்யாணம் புதிது. முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கலாமே என்று அவளை அங்கே நிற்கவைத்தார் இந்த மகா புத்திசாலி.

ஊசி டப்பாவைத் திறந்தார். சகவாச தோஷம். பழைய ஊசிகளும் சமையலறைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருந்தன. பலகையில் இரும்பு உராய்கிற மெல்லிய சத்தம். உளிகள் திரும்பின. அரம். கத்தரி. ஆணிகள்.

"சோறு ஆறிக்கினு கீது, வாங்க."

காலடி நெருங்கியது.

"வராத! அங்கியே நில்லு!"

"இன்னாங்க ஆச்சு?"

திரை விலகியது. உளிகள் எழுந்தன.

அவளை முதுகால் மறைத்துப் பாய்ந்தார். தோளில் ஒன்று. வயிற்றில் இரண்டு. ஊசிகள் முகமெங்கும். அகல உளி நெஞ்சில், பிடிவரைக்கும். சுவரோடு சரிந்தார். ஜீனத்தின் மேல் ஒன்றுகூடப் படவில்லை. கரப்பான்பூச்சிக்குக் கட்டிலேறுகிறவன் வீரனாகிவிட்டான் என்று சிரிப்பு வந்தது. வாயில் ரத்தம் வந்தது.

"யா அல்லா!"

அலறிக்கொண்டே முன்னால் ஓடிவந்து, அவரை அள்ளி அணைத்துக்கொண்டாள்.

தள்ளிவிடக் கை எழவில்லை. விலகிப்போ என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

நெஞ்சுக்குள் உளி நகர்ந்தது. முதுகெலும்பை உரசியது. நிதானமாகத் திரும்பியது. விலாவின் இடுக்கில், உள்ளிருந்து, தோல் புடைக்கத் தொடங்கியது.

அவள் கன்னம் பதிந்திருந்த இடத்தில்.