பின்தொட்டிச் சத்தம்

நான் மாட்டு டாக்டர். மேட்டுப் பாதைகளில் ஏறி இறங்க, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தேன். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்த வண்டி. அதில் வந்த சத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி, தூறல் விழுந்த ஒரு காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மெக்கானிக்கும் அவர் தங்கை புருஷனும் சேர்ந்து நடத்திய கடை. இவர் அவனை மாப்ளே என்பார், அவன் இவரை மச்சான் என்பான். நாள் முழுக்க ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். தங்கை உள்ளே மேசையில் உட்கார்ந்து கடைக்கு வரும் போன்களை எடுப்பாள்.

“எப்படிப்பட்ட சத்தம் டாக்டர்?” என்றார் மெக்கானிக்.

“தட்டுற சத்தம். ஃபோர் வீல்ல போட்டு மேடு ஏறினா வருது. ஆனா தீவன மூட்டை ஏத்தினா வராது. பின்னால கன்னுக்குட்டி இருந்தா வருது.”

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். “மூட்டைக்கும் கன்னுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச கியர்பாக்ஸ், மச்சான். இதைப் போய் ரிப்பேர் பண்ணச் சொல்றாங்களே!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் பிடிக்க அவர்களுக்கென்று ஒரு வழி இருந்தது. ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் பின்பக்கத் தொட்டியில் கவிழ்ந்து படுத்து, தகரத்தில் காதை ஒட்டி வைத்துக்கொள்வார். ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டியதைத் தட்டித்தான் சொல்வார். ஒரு தட்டு என்றால் வேகம். இரண்டு என்றால் மெதுவாக. விடாமல் தட்டினால் நிறுத்து.

முதலில் மெக்கானிக் படுத்தார். மழைக்காக மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினார்கள். மாப்பிள்ளை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்கு வெளியே மேட்டுப் பாதையில் பாதி ஏறியதும் பின்னால் விடாமல் தட்டு விழுந்தது. அவன் உடனே நிறுத்தினான்.

தார்ப்பாயை விலக்கி மெக்கானிக் தலையை நீட்டினார். “ஏன்டா நிறுத்தினே?”

“நீங்கதானே தட்டினீங்க?”

“என் ரெண்டு கையும் நெஞ்சுக்கு அடியில இருக்கு. தட்டினது வண்டிடா.”

கடைக்குத் திரும்பி, ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தார்கள். எந்த பேரிங்கும் ஆடவில்லை. முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி ஓரமாக வைத்தார் மெக்கானிக். அங்கிருந்து வருகிற சத்தமாக இருந்தால் இனி வராது என்றார். இப்போது மாப்பிள்ளையின் முறை.

“இந்தத் தடவை கையால சொல்லாதே. வண்டி தட்டுதா நீ தட்டுறியான்னு எனக்குத் தெரியாது. நிறுத்தணும்னா வாயைத் திறந்து கத்து.”

“என் குரல்தான் வீட்டுக்கே கேக்குமே, மச்சான்” என்று ஏறிப் படுத்தான்.

“சீக்கிரம் வாங்க, டீ ஆறிடும்” என்று தங்கை உள்ளிருந்து சொன்னாள்.

மேடு ஏறத் தொடங்கியதும் கேபினில் பழைய கிரீஸ் வாடை வந்தது. ஈரத் துணியில் ஊறிக் காய்ந்த வாடை. கண்ணாடியை இறக்கினேன். போகவில்லை.

தட்டு ஆரம்பித்தது.

“கேட்டீங்களா? எவ்வளவு தெளிவா வருது” என்றார் மெக்கானிக் உற்சாகமாக. “இன்னும் கொஞ்சம் போனா மாப்ளே இடத்தைப் பிடிச்சுடுவான்.”

தட்டு விடாமல் விழுந்தது. என் இருக்கையின் முதுகு அதிர்ந்தது.

“நிறுத்திப் பாத்துடலாமே” என்றேன்.

“அவன் கத்தலையே டாக்டர்.”

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். கட்டியிருந்த தார்ப்பாய்தான் தெரிந்தது.

மேடு முடிந்து இறக்கம் வந்தது. மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார். தட்டு குறையவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நியூட்ரலில் போட்டார். இன்ஜினை அணைத்தார். இறக்கத்தில் வண்டி ஓசையில்லாமல் உருண்டது.

தட்டு இன்னும் வேகமானது.

“சக்கரத்துச் சத்தம் சக்கரத்தோட போகும். இன்ஜின் சத்தம் இன்ஜினோட போகும்” என்று முணுமுணுத்தார். “இது எதோடயும் போகலை.”

தட்டு நின்றது.

அவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. இறங்கி ஓடினோம். தார்ப்பாய்க் கயிற்றை நான்தான் அவிழ்த்தேன்.

கவிழ்ந்து படுத்தவன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் இல்லை. தகரமெல்லாம் ரத்தம். வாயின் மேல் கறுப்பாக ஒரு கை பதிந்திருந்தது. ஒரு கன்னத்தில் நாலு விரல், மறு கன்னத்தில் கட்டைவிரல்.

கிரீஸ்.

நான் நெஞ்சை அழுத்தினேன், மூச்சு கொடுத்தேன், எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். என் பக்கத்தில் மெக்கானிக் “கத்தச் சொன்னேனேடா, கத்தச் சொன்னேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முகத்தைத் துடைத்துவிட்டு மாரடைப்பு என்றார்கள். தங்கை அண்ணனுடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

வண்டி எனக்கு வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். உடைத்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். பல மாதம் கழித்து அவரே போன் செய்து வரச் சொன்னார். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

கடைக்குப் பின்னால் கொட்டகையில் வண்டி கல் அடுக்கின் மேல் நின்றது. சக்கரம் இல்லை. இன்ஜின் இல்லை. ஷாஃப்ட், கியர்பாக்ஸ் எல்லாம் கழற்றப்பட்டு வெறும் கூடாக இருந்தது. தொட்டியில் மெக்கானிக் கவிழ்ந்து படுத்திருந்தார். ஒட்டி ஒட்டி வைத்ததில் காது காய்ப்புக் காய்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“ரெண்டு இருக்கு டாக்டர். பிரிச்சுக் கேக்கத்தான் இவ்வளவு நாளாச்சு. மெதுவா, சலிச்சுப்போய்த் தட்டுறது நமக்கு முன்னாடியே இந்த வண்டியில இருந்த ஆளு, அந்தக் கிரீஸ் கைக்காரன். யாருன்னு தெரியலை. வேகமா தட்டுறது நம்ம மாப்ளே.”

அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. குனிந்து தகரத்தில் காதை வைத்தேன்.

இரண்டு கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

“வண்டியில ஓடுறதுக்கு எதுவுமே இல்ல. எல்லாத்தையும் நானே கழட்டிட்டேன்” என்றார். “அவன் இன்னும் நிறுத்தச் சொல்றான் டாக்டர். நான் இனி எதை நிறுத்தட்டும்?”