இருபதாவது மணி

பதினேழாவது மணி அடித்தபோது செம்மலர் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். அதை வாயால் சொல்லவும் பயம்.

இருவரும் பால்கனியை ஒட்டிய அறைக்கு ஓடினார்கள். ஓடும்போதே முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார்கள். கூண்டுக்குள் பஞ்சு ஒற்றைக் காலில் நின்று, தலையைச் சாய்த்து, அவர்களை வரவேற்பதுபோலப் பார்த்தது. வெள்ளைக் கொண்டைக்கிளி. காக்கட்டூ என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும். நெஞ்சில் பாதி இறகு இல்லை. அதுவே பிடுங்கிப் போட்டுக்கொண்டது. செம்மலர் ஒரு பாதாம்பருப்பை நீட்டி, "ஒண்ணுமில்லை கண்ணு, ஒண்ணுமில்லை" என்று கிசுகிசுத்தாள்.

கூண்டுக்கு நேர் மேலே, சுவரில், டிபன் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. அதுதான் பொறுமைமானி. இன்னும் எட்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குள் இன்னும் மூன்று முறை அது அடித்துவிட்டால் கதை முடிந்தது.

பொறுமைமானியைத் தெரியாதவர்கள் இன்று கோயம்புத்தூரில் யாரும் இல்லை. வீட்டில் இருப்பவர்களின் மூச்சையும் நாடித் துடிப்பையும் அது காற்றின் அசைவிலிருந்தே பிடித்துவிடும். குரலின் நடுக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். யாருடைய மனம் பொறுமையின் கோட்டைத் தாண்டினாலும் "கிணிங்" என்று ஒரு மணி, கோயில் மணியைத் தூரத்தில் கேட்பதுபோல. கொண்டைக்கிளிகளுக்காகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆசையாய் வாங்கி, கத்தல் தாங்காமல் தள்ளிவிட்டு, வீடு வீடாக அலைந்த பறவைகள் அவை. மானி வந்தபிறகு முப்பது நாள் ஒத்திகை இல்லாமல் யாருக்கும் பறவை கிடையாது என்று சட்டம் ஆயிற்று. பிறகு அது பள்ளிக்கூடத்துக்குப் போனது, கல்யாணத் தரகர் கைக்குப் போனது. இப்போதெல்லாம் பெண் வீட்டார் ஜாதகத்தோடு மானிச் சீட்டையும் கேட்கிறார்கள்.

மனிதர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? வீட்டுக்குள் மானி இருந்தால் சண்டையை லிஃப்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். எந்த அடுக்குமாடிக்குப் போனாலும், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே பத்து நிமிடம் நின்றுவிட்டு வரும். உள்ளிருந்து ஒரு கணவனும் மனைவியும் சிவந்த கண்களோடு, மிக மரியாதையாக, வெளியே வருவார்கள். காத்திருப்பவர்களும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுத்த முறை அவர்களுடையது.

செம்மலருக்கு மானி புதிதல்ல. ஒன்பது வருடமாகப் பறவை ஒப்படைப்பு நிலையத்தில் அவள்தான் மூத்த அலுவலர். பறவை கேட்டு வருபவர்களை எதிரே உட்காரவைத்து நாற்பத்துநான்கு கேள்விகள் கேட்பாள். இது எண்பது வருடம் வாழும், உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? விடிந்ததும் ஒரு கத்து, பொழுது சாய்ந்தால் ஒரு கத்து. பக்கத்து வீட்டில் சம்மதித்தார்களா? இறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிரும், வீட்டில் யாருக்காவது இளைப்பு உண்டா? கதவு நிலையைக் கொத்தித் தின்றால் சிரிப்பீர்களா, அழுவீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உங்கள் தோளை அதற்குக் கொடுப்பீர்கள்?

அதில் தேறியவர்கள் மானியில் விழுவார்கள். முப்பதாம் நாள் அவள் போய் முத்திரையை உடைத்துச் சீட்டை எடுப்பாள். எண் இருபதைத் தொட்டிருந்தால் கூண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அழுவார்கள், காரணம் சொல்ல வருவார்கள். அதற்கென்று அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "விளக்கமெல்லாம் வேண்டாமுங்க. எண்ணு பேசட்டுமுங்க." அறுபத்தொரு குடும்பத்திடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது குரல் கொஞ்சமும் ஏறாது. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

பஞ்சுவை ஐந்தாவது வீட்டிலிருந்து திருப்பி வாங்கியதும் அவள்தான். வடவள்ளியில் ஒரு வயதான தம்பதி. அந்த மனிதர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, கடைசி நாளு என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். அவள் தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். அதன்பின் இரண்டு வருடம் பஞ்சு நிலையத்தில், அவள் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முப்பத்தெட்டு வயது, ஐந்து வீடு, ஐந்து பெயர். "பேசாது. கத்தும். இறகு பிடுங்கும்" என்று கோப்பில் எழுதியிருந்தது. அரைகுறை இறகோடு ஊமையாய் இருக்கும் பறவையை யார் கேட்பார்கள்? ஆனால் அவள் காலையில் உள்ளே நுழைந்ததும் அது கம்பியோரம் நடந்து வந்து தலையைக் குனியும், சொறிந்துவிடச் சொல்லி. அந்தத் தலைகுனிவில் அவள் விழுந்துவிட்டாள்.

ஆறாவது வீடும் தோற்றால் பறவைக்கு உறைதுயில். நிலையத்தின் பின்கட்டில் அதற்கென்று ஒரு கூடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிகள், குளிர், நிமிடத்துக்கு நாலு முறை துடிக்கும் இதயங்கள். "தகுந்த வீடு அமையும்வரை" என்று கதவில் எழுதியிருக்கும். இதுவரை ஒரு பறவையையும் யாரும் எழுப்பவில்லை. அதனால் ஆறாவது வீடாகத் தன் வீட்டையே எழுதிக்கொடுத்தாள். எண்ணின் அளவு தெரிந்தவள், மானியின் நெளிவுசுளிவு தெரிந்தவள், தான் எப்படித் தோற்க முடியும் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. முதல் வாரம் மூன்று. இரண்டாவது வாரம் ஆறு.

"நான் மூச்சே விடலியே மலரு" என்றான் நாச்சிமுத்து, பதினேழாவது மணிக்குப் பிறகு, லிஃப்ட்டில். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நிறுத்தியிருந்தார்கள்.

"மூச்சு விடாட்டி என்னுங்க? மனசுக்குள்ள வெறுத்தாலும் அதுக்குக் கேக்குமுங்க. நேத்து சோபாவக் கொத்துனப்ப உங்க மூஞ்சியப் பார்த்தேன்."

"உன் மூஞ்சிய நீ பார்த்தியா? அது கத்துறப்ப எல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிறே."

"நானு அந்தப் பறவையை வெறுக்கறனா?"

"ஆரோ வெறுக்கறோம்ல? பதினேழு தடவை!"

அதுதான் கொடுமை. வாய் பேசாத நேரத்திலும் மணி அடிக்கிறது என்றால் குற்றம் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும். செம்மலர் தன் நெஞ்சைத் துழாவிப் பார்த்தாள். பஞ்சு மேல் அவளுக்குப் பிரியம்தான். ஆனால் துழாவத் துழாவ எதுதான் அகப்படாது? கொஞ்சம் எரிச்சல் இருந்தது, கொஞ்சம் பயம் இருந்தது. கணவனைப் பார்த்தபோது அவனுக்குள் இன்னும் அதிகமாக இருக்கும் என்று தோன்றியது. அவன் பார்வையிலும் அதே சந்தேகம்.

அன்றிலிருந்து வீடு இன்னும் அடங்கிப்போனது. பாத்திரத்தைத் துணி விரித்து வைத்தார்கள். தொலைக்காட்சியை மூடினார்கள். தும்மல் வந்தால் நாச்சிமுத்து மாடிப்படிக்கு ஓடினான். வந்தவர்களை வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் கேட்டது கடிகாரச் சத்தமும், பஞ்சு தன் இறகைப் பிடுங்கும் "பட்" என்ற சத்தமும்தான். நெஞ்சில் மிச்சமிருந்த இறகும் போய், தோல் இளஞ்சிவப்பாய்த் தெரிந்தது. நாள் முழுக்க அது தனியாக உட்கார்ந்திருக்கும். மணி அடித்தால் மட்டும் இரண்டு பேரும் ஓடி வருவார்கள், சிரிப்பார்கள், பாதாம் கொடுப்பார்கள்.

இருபத்தைந்தாம் நாள் பதினெட்டு. இருபத்தெட்டாம் நாள் பத்தொன்பது.

முப்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, செம்மலர் குளியலறையில் இருந்தபோது, நாச்சிமுத்து ஜன்னலோரம் சும்மா நின்றிருந்தபோது, இருபதாவது மணி அடித்தது.

ஈரத் தலையோடு வெளியே வந்தாள். இருவரும் அறையின் நடுவே நின்றார்கள். மாலை ஐந்து மணிக்கு நிலையத்திலிருந்து தெய்வநாயகி வருவாள். செம்மலரே பயிற்சி கொடுத்து வளர்த்த பெண். முத்திரையை உடைப்பாள், படிப்பாள், கூண்டைத் தூக்குவாள்.

"உங்களாலதான்!" என்று செம்மலர் கத்தினாள். வீட்டுக்குள், முப்பது நாளில் முதல் முறையாக.

"ஆமா, என்னாலதான்! ஒம்பது வருசமா ஊரான் வூட்டு மூச்சையெல்லாம் எண்ணிப்போட்டு, இப்ப நம்ம மூச்சையும் எண்ண வெச்சுட்டே! நான் பொண்டாட்டிகூடச் சத்தமாப் பேசி ஒரு மாசமாச்சு!"

"அதைக் கொல்லப்போறாங்கங்க!"

"தெரியுது மலரு! தெரியுது!"

மணி அடித்தது. யாரும் எண்ணவில்லை. அவள் அழுதுகொண்டே கத்தினாள், அவன் பதிலுக்குக் கத்தினான், அந்தக் கூச்சலுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சுவின் கொண்டை விசிறியாய் விரிந்திருந்தது. கம்பத்தில் முன்னும் பின்னும் குதித்து, இறக்கைகளை அகல விரித்து, தொண்டை கிழியக் கத்தியது. பேச்சில் தானும் கலந்துகொண்டதில் அதற்கு அத்தனை சந்தோஷம்.

செம்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. கூண்டைத் திறந்தாள். எல்லாம்தான் போய்விட்டதே, இனி என்ன? நாச்சிமுத்து தட்டை எடுத்துத் தாளம் போட்டான். பறவை அவன் தோளில் ஏறி ஆடியது. மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அது ஜன்னல் கட்டையைக் கொத்தியது, "கொத்துடா, கொத்து!" என்று அவன் கூவினான். இடையிடையே மணி அடித்தபடி இருந்தது. பிரியமோ கோபமோ, மானிக்குத் துடிப்பு என்றால் துடிப்புதான். அந்த ஆறு மணி நேரத்தில் பஞ்சு ஓர் இறகைக்கூடப் பிடுங்கவில்லை. உங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசுவீர்களா, சிரிப்பீர்களா என்று ஒரு கேள்வி அந்த நாற்பத்துநான்கில் இல்லாமல் போயிற்றே என்று செம்மலர் நினைத்தாள். அந்த நாற்பத்துநான்கையும் எழுதியவள் அவள்தான்.

ஐந்து மணிக்குத் தெய்வநாயகி வந்தாள். மானியைச் சுவரிலிருந்து கழற்றி, மின்கலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். முத்திரையை உடைத்துச் சீட்டைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னக்கா இது? இருபத்தொம்பது நாளும் சேர்த்து மூணே மூணு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு மேல இருபத்தாறு."

"மூணா?" என்றாள் செம்மலர். "நாங்க எண்ணினது இருபது..."

"கிணிங்" என்று மணி அடித்தது.

மூவரும் மேசையைப் பார்த்தார்கள். மின்கலம் இல்லாத மானி செத்துக் கிடந்தது. நாச்சிமுத்துவின் தோளில் இருந்த பஞ்சு தலையைச் சாய்த்து, எங்கே பாதாம் என்பதுபோல, இன்னொரு முறை அதே மணியை அடித்தது.

செம்மலர் மானியையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசாத பறவை. மணி அடித்தால் ஆட்கள் ஓடிவருவார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பறவை. ஐந்தாவது வீட்டின் சீட்டு ஞாபகம் வந்தது. அதிலும் எல்லா மணிகளும் கடைசி நாளில்தான். இருபத்தொன்பது நாள் ஒழுங்காய் இருந்துவிட்டுக் கோட்டை விட்டார்களே என்று அன்றைக்கு அவள் வியந்திருந்தாள். அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வந்தது இதுதானா?

"தெய்வா, கேளு" என்றாள். குரல் உடைந்தது. "நாங்க ஏமாந்துட்டோம். தோத்துட்டோம்னு நினைச்சுட்டுத்தான் இன்னிக்குக் கத்தினோம். அது மானி அடிக்கலை. நடந்ததை நான் சொல்றேன்..."

"விளக்கமெல்லாம் வேண்டாமுங்க" என்றது ஒரு குரல். ஏறாத, இறங்காத, மரியாதையான குரல். "எண்ணு பேசட்டுமுங்க."

பஞ்சு பேசியிருந்தது. இரண்டு வருடம் மேசைக்குப் பக்கத்தில் இருந்து கேட்டதை, அப்படியே, செம்மலரின் குரலில்.

தெய்வநாயகி அந்த வாக்கியத்தை அவள் பக்கத்தில் நின்றே கற்றவள். சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு பறவையைக் கையில் வாங்கிக் கூண்டுக்குள் விட்டு, கதவைத் தாழிட்டாள். "மன்னிச்சுக்குங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். கூண்டோடு அவள் ஏறியதும் லிஃப்ட் கதவு மூடியது.

அவர்கள் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். தரையில் சோற்றுப் பருக்கைகள், ஜன்னலோரம் மரத்தூள்.

கிணிங்.

செம்மலர் டப்பாவிலிருந்து பாதாமை எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே நாச்சிமுத்து ஓடினான். வாசலைத் தாண்டி, சத்தம் வந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் அவளுக்குத் தன் முகத்தில் சிரிப்பு இருப்பது தெரிந்தது. லிஃப்ட் நான்காவது மாடியைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. நடுவில் எங்கும் நிற்கவில்லை.