பன்னிரண்டாவது கை

என்டர் கீ இரண்டாக உடைந்திருந்தது.

“எப்படி மேடம் உடைஞ்சுது?” என்றான் லேப்டாப் ரிப்பேர்க் கடைக்காரன். வெளியே மழை... உள்ளே அவள் கண்களில் இடி.

“ஒருத்தனை அடிக்கணும்னு இருந்தேன். அவன் கிடைக்கலை... கீ கிடைச்சுது.”

எல்லாம் ஒரு கணினி விளையாட்டால் வந்த வினை. திரையில் தொழிற்சாலை கட்ட வேண்டும். இயந்திரக் கைகள் தாமாகவே பாட்டிலை எடுத்து, நிரப்பி, மூடி, அடுக்க வேண்டும். கைகள் குறையக் குறைய இடம் உயரும். பன்னிரண்டு கைகளோடு இரண்டு மாதமாக அவள்தான் முதலிடம். நேற்று எவனோ அவள் தொழிற்சாலையை அப்படியே காப்பியடித்து, ஒரே ஒரு கையை மட்டும் பிடுங்கிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தற்செயலாகக் கடைக்காரனின் மேஜைத் திரையைப் பார்த்தாள்... அதே தொழிற்சாலை. பதினொரு கை.

“நீதானா அது!” மரியாதை மழையோடு போயிற்று.

“அந்தக் கை சும்மாதாங்க சுத்துச்சு... தெரியாம வச்சுட்டீங்கன்னு...”

“தெரியாமயா? அது டாட்டா காட்டுது! ஒரு கையை வெட்டியா விட்டும் நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு காட்ட வச்சது!”

“அடேங்கப்பா... திமிருக்குன்னே தனியா ஒரு கையா?”

கல்லாவில் இருந்த அவன் அக்கா நிமிர்ந்தாள். “டேய், கஸ்டமர்கிட்ட வாயக் குடுக்காதடா!”

“நாளைக்கு வர்றேன். கீயை மட்டும் மாத்து. வேற எதையும் பிடுங்காதே!”

தெருமுனை வரை அவனைத் திட்டினாள். நடுநடுவே அவன் கண்கள் நினைவுக்கு வந்தன... அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

மறுநாள் கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் மீண்டும் அவளே முதலிடம். அவன் நாற்பத்தோராவது.

“விட்டுக் குடுத்தியா? நான் கேட்டேனா?” குரலில் நேற்றைவிடச் சூடு.

“பாத்துட்டுத் திட்டுங்க...”

அவள் லேப்டாப்பிலேயே அவனுடைய புதிய தொழிற்சாலை பதின்மூன்று கைகளோடு ஓடியது. மூலையில் அவள் கை பழையபடி டாட்டா காட்டியது. எதிரே புதிதாக ஒரு வெட்டிக் கை... அதுவும் பதிலுக்கு ஆடியது.

“ரெண்டு மாசமா தினமும் உங்க கையைப் பாத்துட்டுத்தான் கடையே திறக்கிறேன். நேத்துதான் அது டாட்டான்னு தெரிஞ்சுது... பதில் சொல்லாம இருக்க முடியலைங்க.”

அவள் திரை அருகே குனிந்தாள்.

“டைமிங் தப்பு,” என்றாள். “என் கை இந்தப் பக்கம் திரும்பும்போது உன் கை சுவத்தைப் பாக்குது.”

“சரி பண்ணித் தாங்களேன்...”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டில் நாலு தட்டு. இப்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எதிரெதிரே திரும்பின.

“உன்னைப் பிடிச்சிருக்கு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “கோபமாத்தான் சொல்றேன்.”

புது என்டர் கீயை அழுத்தினாள்... மெதுவாக.