பட்டியலில் இல்லாத சொல்

ஒலிநாடாவில் இல்லாத ஒரு சொல்லை ரூத் பெர்க்லுண்ட் திருப்பிச் சொன்னார்.

"துணி."

செவிச்சோதனை அறைக் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்திருந்த செவிலி குன்வோரின் பென்சில், தாளுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. ஐம்பது சொற்கள் கொண்ட அந்தப் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். பதினேழாவது சொல் 'படகு', பதினெட்டாவது 'உப்பு'. நடுவே ஐந்து நொடி இடைவெளி. அந்த இடைவெளியில் நாடா வெறுமையாகத்தான் சுழன்றது. இதை அவள் காதால் அறியவில்லை. ஒலியளவு காட்டும் முள் சுழியத்தில் படுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தாள்.

இரண்டு ஆண்டுகளாகவே அவள் முள்ளைத்தான் நம்பி வந்தாள். உள்காதின் நுழைவாயிலில் அரிசிமணியினும் சிறிய எலும்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து இறுக்கிவிட்டால், அதிர முடியாமல் அது ஒலியை உள்ளே விடாது. வடக்குச் சுவீடனின் அந்த ஆற்றங்கரை ஊர்களில் இந்நோய் குடும்பம் குடும்பமாக இறங்கியது. குன்வோரின் இடக்காது ஏறத்தாழ அடைந்துவிட்டது. வலக்காதும் அவ்வழியே போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் ரீட்மார்க்கின் ஆய்வு இதற்குத்தான்: இறுகிய எலும்பை எடுத்துவிட்டு அவ்விடத்தில் நான்கு மில்லிமீட்டர் பிளாட்டினக் கம்பியைப் பொருத்துவது. ரூத் எட்டாவது ஆள். ஒன்பதாவது குன்வோர், நாளைக் காலை அவளுக்கு அறுவை. மார்ச் மாதத்தில் சோதனை செய்பவர்களின் செவியையும் அளப்பார்கள். அதற்குள் காது திறக்காவிட்டால் இந்த நாற்காலி அவளுக்கு இல்லை. காது கேளாத நாற்பத்தொன்பது வயது விதவைக்கு அந்த மருத்துவமனையில் மிஞ்சுவது சலவைக்கூடம்.

சோதனை முடிவதற்குள் ரூத் மேலும் இருமுறை 'துணி' என்றார். குன்வோர் வழக்கம்போல் இரண்டையும் ஓரத்தில் குறித்தாள். ஐம்பதாவது சொல்லும் முடிந்து முள் படுத்த பிறகும் ரூத் கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, எதற்கோ காத்திருந்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்:

"நீ."

அந்த ஊர் வழக்கில் எதிரில் இருப்பவரை முன்னிலையில் அழைப்பதே சற்று மரியாதைக்குறைவு. பதவியையோ பெயரையோ சொல்லிப் படர்க்கையில்தான் பேசுவார்கள். 'நீ' என்பது உடன்பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் கட்டியவருக்கும் கடவுளுக்கும் உரியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கணவன் இறந்த பிறகு குன்வோரை யாரும் அப்படி அழைத்ததில்லை. பட்டியலில் இருப்பவையோ பெயர்ச்சொற்கள் மட்டுமே.

அறையிலிருந்து வெளியே வந்த ரூத்தின் முகம் மலர்ந்திருந்தது. குன்வோர் அவருடைய உதடுகளைப் பார்த்தபடி கேட்டாள்: "திருமதி பெர்க்லுண்டுக்கு இப்ப எப்படிக் கேக்குது?"

"ஊசி விழுந்தாக்கூடக் கேக்குது, சிஸ்டர். பதினெட்டு வருஷமா என் புருஷன் குறட்டை விடுறது தெரியாம நிம்மதியாத் தூங்கினேன். இனிமே ஆபரேஷன் பண்ண வேண்டியது அவருக்குத்தான்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "அந்த அம்மா மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசலாம்."

"எந்த அம்மா?"

"நாடாவுல ஒரு ஆளு பேசறாரு. அவர் நிறுத்தறப்ப நடுவுல ஒரு அம்மா. ரொம்பக் கிட்ட வந்து, ரகசியம் சொல்ற மாதிரி."

நாடாவில் இருந்தது ஒரே ஓர் ஆணின் குரல்.

மணி இரண்டு, டிசம்பர் மாதத்தில் அங்கே அது இருட்டும் நேரம். மற்றவர்கள் காபிக்கும் குங்குமப்பூ ரொட்டிக்கும் போய்விட்டார்கள். ரூத்தின் தாளை வைப்பதற்காகக் குன்வோர் அலமாரியைத் திறந்தாள். சோதனையில் நோயாளி தவறாகச் சொல்லும் சொல்லைச் சொன்னபடியே தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும் என்பது முறை. ஆனால் ஆய்வுக்குப் போவது எத்தனை தவறு என்ற எண்ணிக்கை மட்டும். எந்தச் சொல் என்று யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. பதினான்கு மாதங்களாக அச்சொற்களை எழுதியது அவள் கைதான். கை எழுதியது, கண் படித்ததில்லை.

இப்போது படித்தாள். அறுவை நடந்த வரிசைப்படி எட்டுத் தாள்களையும் மேசைமேல் பரப்பினாள். சில தவறுகள் வெறும் செவிப்பிழைகள்: 'மணி'க்கு 'பனை', 'கல்'லுக்குக் 'கள்'. அவற்றைத் தள்ளினால் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சொல்லை மும்மூன்று முறை சொல்லியிருந்தார்கள். முதல் ஆள் 'நதி'. இரண்டாம் ஆள் 'பனி'. அடுத்தடுத்துப் 'பாலம்', 'வேலி', 'வாசல்', 'படி', 'கதவு'. எட்டாவது, ஈரம் காயாத நினைவாக, 'துணி'.

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து கை கழுவினாள். கழுவியதை மறந்து மறுபடியும் கழுவினாள். தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஜன்னலருகே போனாள். கிறிஸ்துமஸுக்காக அங்கே தொங்கிய நட்சத்திர விளக்கின் மஞ்சள் ஒளி கண்ணாடியில் தன் முகத்தின்மேலேயே விழுந்ததால், கையால் மறைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கீழே உறைந்த நதி. அதன்மேல் பனி. பாலம். பாலத்தின் இப்பக்கத்தில் மருத்துவமனையின் வேலி, விளக்கெரியும் வாசல், ஆறு படிகள், கதவு. ஒன்றன்பின் ஒன்றாக, எழுதிவைத்த வரிசையில். படிகளில் காலையிலிருந்து பெய்த பனி சுவடே படாமல் கிடந்தது. அதைக் கண்டு நிம்மதியடைந்தவள், ரூத் பெர்க்லுண்ட் சற்று முன் அவ்வழியாகத்தான் இறங்கிப் போனார் என்பதை நினைத்து ஜன்னலை விட்டு விலகினாள்.

குன்வோர் கொண்டுபோய்க் காட்டிய தாள்களைப் பேராசிரியர் ரீட்மார்க் பொறுமையாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநாள் பட்டினி கிடந்த நரம்பு திடீரென்று ஊட்டம் கிடைத்ததும் கண்டதையும் மெல்லும் என்று விளக்கினார். தவறான பதில்களைக் கோத்துப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் ஒரு கதை கிடைக்கும் என்றார். அவர் உதடுகள் தெளிவானவை. குன்வோர் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

"சிஸ்டர் குன்வோர் நாளைக்கு நடக்கப்போறதை நினைச்சுப் பயப்படறாங்க. அவ்வளவுதான். வேணாம்னா தள்ளிவைக்கலாம். ஆனா அடுத்த இடம் ஏப்ரல்லதான்."

ஏப்ரலுக்கு முன் மார்ச் வருகிறது. சலவைக்கூடத்தின் நீராவி மணம் அவள் மூக்கில் ஏறியது.

"நாளைக்கே பண்ணிடுங்க, பேராசிரியர்."

அந்த அறுவைக்கு மயக்கம் தருவதில்லை. காதை மட்டும் மரக்கச்செய்வார்கள். மறுநாள் காலை, வலக்கன்னம் தலையணையில் அழுந்த, இடக்காது மேல்நோக்கியிருக்க, பச்சைத் துணிக்கு அடியில் குன்வோர் ஒருக்களித்துக் கிடந்தாள். துணி முகத்தையும் மூடியிருந்தது. காதுக்கு மட்டும் ஒரு திறப்பு. துணிக்குள் அவளுடைய மூச்சே வெப்பமாகத் திரும்பி வந்தது. கிருமிநாசினியும் வெந்த பருத்தியும் மணத்தன. கேட்கும் வலக்காது தலையணையில் அடைந்திருந்ததால் உலகம் முழுவதும் ஓசையற்றிருந்தது. காலம் நகர்ந்ததை உணர வழியில்லை. யாரோ எங்கோ அவள் தலைக்குள் ஒரு கதவின் திருகாணியைக் கழற்றுவதுபோல் அழுத்தம் வந்து வந்து போயிற்று.

பிறகு ஒலி வந்தது.

வந்ததென்று சொல்வது போதாது, கொட்டியது. தட்டில் இடுக்கி வைக்கப்பட்ட கணகணப்பு, சுவர்க் கடிகாரத்தின் ஒவ்வொரு அடி, யாருடைய ரப்பர்க் காலணியோ தரையில் எழுப்பிய கீச்சு, தன் இமை துணியில் உரசும் மெல்லிய ஓசை. அவளுக்கு அழுகை வந்தது. பதவி, நாற்காலி, மார்ச் மாதம் எல்லாம் ஒரு கணம் சிறுத்துப்போயின. மழை கேட்கும். பறவை கேட்கும்.

கம்பியைப் பொருத்தியதும் பேராசிரியர் மேசையின் கால்மாட்டுக்கு விலகிப் போய், பட்டியலிலிருந்து மூன்று சொற்களை மெல்லச் சொல்வார். மூன்றையும் நோயாளி திருப்பிச் சொன்னால் காதை மூடுவார்கள். அந்த முறையை வகுத்ததில் குன்வோருக்கும் பங்குண்டு.

"வீடு," என்றது ஒரு குரல்.

"வீடு," என்றாள்.

"உப்பு."

"உப்பு."

"கதவு."

அவள் வாய் திறந்து, திறந்தபடி நின்றது.

"சிஸ்டர் குன்வோருக்கு மூணாவது கேக்கலையா?" பேராசிரியரின் குரல் தொலைவிலிருந்து, சற்றே ஏமாற்றத்தோடு வந்தது. "திரும்பச் சொல்றேன். குதிரை."

"குதிரை," என்றாள்.

"அருமை. மூணும் சரி. சிஸ்டர் மெர்த்தா, குறிச்சுக்கலாம்."

"பேராசிரியர் இப்ப எங்க நிக்கறாங்க?"

"கால்மாட்டுலதான். ஏன்?"

"சிஸ்டர் மெர்த்தா?"

"நானும் இங்கதான், பேராசிரியர் பக்கத்துல," என்றது உதவிச் செவிலியின் குரல், சிரிப்போடு. "ஓடிட மாட்டோம்."

கடிகாரம் அடித்தது. காலணிகள் அசையவில்லை. இடுக்கிகள் அசையவில்லை.

"துணி."

தலைமாட்டிலிருந்து. திறந்த காதுக்கு வெகு அருகில். பெண் குரல். சூடில்லாத மூச்சு.

குன்வோர் அசையவில்லை. அசையக் கூடாது, கம்பி விலகிவிடும். உதடுகளை இறுக்கினாள். துணிக்குள் மணம் மாறியிருந்தது. பருத்தி இல்லை. ஆற்றுநீர். நனைந்த கம்பளி.

மூச்சு நின்றது. அவளுடையதல்ல.

ஐந்து நொடி. அதே இடைவெளி.

பிறகு ஒரு சொல்.

கேட்டதை யோசிக்காமல் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வாய் அதற்குப் பழகியிருந்தது.

"நீ," என்றாள்.

அந்த அறையில் அச்சொல்லை யாரும் சொன்னதில்லை.

"யாரைச் சொல்றாங்க, சிஸ்டர் குன்வோர்?" என்றார் பேராசிரியர், இருந்த இடத்திலிருந்தே.

அவள் கண்ணுக்கு நேரே இருந்த துணியின் ஓரம் மெல்ல உயர்ந்தது. உயர்த்திய விரல்களின்மேல் பனி உருகாமல் இருந்தது.