கேட்காமல் போட்ட படம்

அக்கா அப்ரினைப் பற்றிப் பெருமையடிக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும், ஷிபானா விடமாட்டாள். சிவகாசியில் தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் அக்கா நர்ஸ் அல்லவா!

தீபாவளி முடிந்த மூன்றாவது ஞாயிறு. அக்காவும் தங்கையும் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். தீபாவளியன்று கை வெந்து, இப்போது குணமாகிவிட்ட ஒரு பையனின் முதல் நாள் படத்தை மதுரை டாக்டருக்கு மெயிலில் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பி முடித்ததும் அக்காவுக்கு போன் வந்தது.

“இங்கனயே இரு, வந்துர்றேன்” என்று வெளியே போனாள்.

கம்ப்யூட்டரில், ஊரெல்லாம் படம் போட்டுப் பார்க்கும் ஆர்குட்டில் அக்காவின் பக்கம் திறந்திருந்தது. ஷிபானாவின் கை சும்மா இருக்குமா? அந்தப் படத்தை அதில் ஏற்றி, ‘எங்க அக்கா குணமாக்கிய பையன்!’ என்று எழுதிவிட்டாள். படத்தில் கையை நீட்டி அழுதுகொண்டிருந்தவன் அவளுடைய வகுப்பு மணிகண்டராஜ்தான். அட, இவனா என்று நினைத்தாளே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மணிகண்டராஜ் பள்ளிக்கு வந்தான். இத்தனை நாளும் கோவில்பட்டி மாமா வீட்டில் இருந்ததாகச் சொன்னான்.

“பொய் சொல்றான்லே!” என்று கத்தினான் சீனிச்சாமி. “வெடிக்காத வெடியப் பொறுக்கி, மருந்தக் கொட்டிப் பத்த வச்சிருக்கான். அழுத மூஞ்சி ஆர்குட்ல இருக்கு, எங்கண்ணன் பாத்தான். பட்டாசுக் கம்பெனி போர்மேன் மகனுக்கே சுட்டுருச்சு!”

வகுப்பே சிரித்தது. மணிகண்டராஜ் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். ஷிபானாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் வீட்டில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“டாக்டர் பாக்கத்தானே படம் எடுக்க விட்டோம்னு அந்தப் பையனோட அம்மா வந்து கேட்டாக. நான் போடலன்னா யாரு நம்புவா?”

“நான்தான் போட்டேங்க்கா” என்றாள் ஷிபானா. “ஒன்னையப் பெருமையாச் சொல்லத்தான்...”

அக்கா திட்டவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவளைப் பெற்ற அத்தா வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில், ஆர்டர் கொடுத்தவர் மாதிரித் தாளான புரூப்பைப் பார்த்து ஓகே சொல்லாமல் ஒரு தாளைக்கூட மெஷினில் ஏற்றமாட்டார்கள். அது தெரிந்தும், மணிகண்டராஜிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

இருவரும் பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் படத்தை நீக்கிவிட்டார்கள். பிறகு ஷிபானா மணிகண்டராஜ் வீட்டுக்குப் போனாள்.

“நான் இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேன், போ” என்றான் அவன், ஜன்னல் வழியாக.

“நாளைக்கு மட்டும் வா. மொதல்ல நான் பேசிர்றேன். சிரிக்கணும்னா என்னையப் பாத்துச் சிரிக்கட்டும்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை ஷிபானா வகுப்பின் முன்னால் நின்றாள்.

“அந்தப் படத்தப் போட்டது எங்கக்கா இல்ல, நான். அவன்ட்ட கேக்காமப் போட்டேன். தப்பு எம்மேலதான்.”

அழுகையில் மூக்கு வேறு ஒழுகியது. சீனிச்சாமி சிரித்தான். அவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே சிரிப்பு சலித்துவிட்டது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மணிகண்டராஜ் உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

“ஏலே, கையக் காட்டுலே” என்றான் சீனிச்சாமி.

‘காட்டாதே’ என்று சொல்லத் திறந்த வாயை ஷிபானா மூடிக்கொண்டாள். கை அவனுடையது.

மணிகண்டராஜ் யோசித்தான். பிறகு மெதுவாகச் சட்டைக்கையை மேலே இழுத்தான்.

“காட்டுறேன். ஆனா தொடாமப் பாரு!”