உப்புப் பூத்த கல்

வேலை போனாலும் பரவாயில்லை, பொய்க்காரி என்ற பெயரோடு போகக் கூடாது என்றுதான் அந்த ஆய்வாளப் பெண் துப்பறிவாளரைத் தேடி வந்தாள். அணு உலைச் சுவருக்கான புதுக் கான்கிரீட் கல் ஒன்றை அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். கூடத்தின் தலைவர் அளந்தபோது நியூட்ரான் கதிரில் பாதிகூட அதைத் தாண்டவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் அளந்தபோது முக்கால்வாசி தாண்டியது. அவள் கல்லைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள் என்கிறார் தலைவர். திங்கட்கிழமை சுவர் எழுப்ப உத்தரவாகிறது. அன்றே அவள் வெளியே.

"நிஜமாவே போட்டுட்டீங்களோ?" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன், நாற்பது வயதிலும் முந்திரிக்கொட்டை. அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

கூடத்தில் துப்பறிவாளர் கல்லை விரலால் தடவிப் பார்த்தார். மூலை நான்கும் முழுசாக இருந்தன. மேலெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எடை எழுதாமல் எந்தக் கல்லையும் சோதனை மேடையில் ஏற்றக் கூடாது என்பது அங்கே பழக்கம். எடைபோடும் ஊழியரின் பென்சில் எழுத்து பக்கவாட்டில் தெரிந்தது. கல்லை வார்ப்பவர் அதைத் தலைவரிடம் ஒப்படைத்த அன்று பதினொன்றரைக் கிலோ. ஒரு வாரம் கழித்துத் தலைவர் அளந்த அன்று பன்னிரண்டு. அவள் அளந்த அன்று மறுபடியும் பதினொன்றரை.

கை கழுவப் போன கழிப்பறையில், தரை துடைக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்று முடைநாற்றம் அடித்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். அடியில் கல்லளவுச் சதுரம் மட்டும் சுத்தம். மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

தலைவரையும் வார்ப்பவரையும் அந்தப் பெண்ணையும் கல்லின் முன்னால் வரவழைத்தார் துப்பறிவாளர்.

"வார்த்தவர்தான், அத்தான். ஈரக் கல்லை இவங்க தலையில கட்டிட்டார்" என்றான் மைத்துனன்.

"அப்ப முதல் எடைதானே கூடியிருக்கணும்?" என்றார் துப்பறிவாளர். "இவர் காய்ஞ்ச கல்லைத்தான் குடுத்திருக்கார். தலைவர் கையில இருந்த வாரத்துலதான் அரைக் கிலோ ஏறியிருக்கு. தொட்டியில ஊறின கல்லு அது. தண்ணி நியூட்ரானை நல்லாத் தடுக்கும். அப்புறம் காய்ஞ்சப்ப உள்ளே இருந்த உப்பு வெளியே பூத்துடுச்சு. அன்னைக்குத் தடுத்தது உங்க கல்லு இல்ல சார், கக்கூஸ் தண்ணி."

தலைவர் சிரித்தார். கல் நல்ல கல், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றார்.

துப்பறிவாளர் கல்லுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டார். "அப்ப ஒரு நிமிஷம் இதுல உட்காருங்க." அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையசைத்ததும், கதிர் பாய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு சுவரில் எரிந்தது. தலைவர் அதற்குள் வாசலில் நின்றார்.

"மெஷினைப் போடல சார். விளக்கு மட்டும்தான்" என்றார் துப்பறிவாளர்.

தலைவர் திரும்பி வந்தார். "அந்தச் சுவருக்குப் பின்னால இருக்கப்போறது தினக்கூலி ஆளுங்கதானே. இதை நமக்குள்ள வச்சுக்கலாம்" என்று கையை நீட்டினார்.

துப்பறிவாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த அறையில் தொட்டியின் நாற்றம் வந்தது போல இருந்தது அவருக்கு. அந்தப் பெண் தொலைபேசியில் அணு உலை அலுவலகத்தைக் கூப்பிட்டு, மூன்று எடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, திங்கட்கிழமை சுவர் வேண்டாம் என்றாள்.